ஐந்தாவது டேப்

நான் செய்த தப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்கு மிகச் சரியாகத் தெரியும். பலருக்கு அந்த வசதி கிடையாது. எங்கே பிசகியது, எப்போது பிசகியது என்று ஆயுசுக்கும் குழம்பிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் குழப்பமே இல்லை. அது கம்ப்யூட்டர் திரையில், இடது பக்கம், மூன்றாவது வரியில் இருக்கிற ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக் இருந்தது. அதை நான் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

வேலூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். மாடியில் இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர், முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். புதிதாக ஒரு தொழிற்சாலை வருகிறது, அல்லது இருக்கிற தொழிற்சாலை பெரிதாகிறது என்றால், அதற்குக் கொடுக்கப்போகிற கரண்டை அந்தப் பகுதி தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் பிழைப்பு. துணை மின்நிலையம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், தெரு எல்லாவற்றையும் திரையில் கோடும் வட்டமுமாக வரைந்துவிட்டுப் பட்டனைத் தட்டினால், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கும் என்று மென்பொருள் சொல்லிவிடும். நாம் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் அது சொல்லும். தானாக அது எதையும் போய்ப் பார்த்துவிட்டு வராது.

மின்நிலையத்தில் நிற்கிற பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் டேப் என்று ஒன்று உண்டு. பதினேழு படிகள். ஊரில் லோடு, அதாவது இழுக்கிற கரண்ட், ஏறி வோல்டேஜ் இறங்கினால், பக்கத்துப் பெட்டியில் இருக்கிற மோட்டார் சுற்றி ஒரு படி ஏற்றும். லோடு குறைந்தால் ஒரு படி இறக்கும். ஊருக்குப் போகிற வோல்டேஜ் எப்போதும் ஒரே அளவில் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதையெல்லாம் மென்பொருளுக்கும் சொல்ல வேண்டும். எந்த இடத்து வோல்டேஜைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எவ்வளவு இறங்கினால் டேப் அசைய வேண்டும், எத்தனை விநாடி பொறுக்க வேண்டும், எந்தப் படிக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவுக்கும் மேலே அந்தச் சின்னக் கட்டம். டேப் தானாக அசையுமா, இல்லை நின்ற இடத்திலேயே நிற்குமா என்று கேட்கும். டிக் இருந்தால் தானாக அசையும் என்று அர்த்தம். மென்பொருள் நம் கைக்கு வரும்போதே அதில் டிக் போட்டுத்தான் வரும்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்றும் பெயர். இரண்டும் உண்மைதான்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. பத்தாவது முடித்திருந்த அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போனாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவு. காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் எனக்குத் தலை வாரி, சோறு கட்டி, இரண்டு ரிப்பனையும் இழுத்து முடிந்து விடுவாள். அவள் முடிந்தால் சாயங்காலம் வரைக்கும் அவிழாது. தலைவலி வரும். எனக்கு எஞ்சினியரிங் இடம் கிடைத்தபோது தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று சரியாகத் தெரியவில்லை. கரண்ட் படிப்பு என்று அக்காதான் எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தாள்.

ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எதனால் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் துருவிக் கேட்கவில்லை. வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைக்கச் சொன்னார்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கரண்டில் ஓடும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு மணி நேரம் அது ஓட வேண்டும். கரண்ட் போனால் அவசரத்துக்கு மூலையில் ஒரு சின்ன சிலிண்டர். பாகாயத்தில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் கூப்பிட்டேன். அவளுக்கு அவள் தெருவை விட்டு வர மனசில்லை. அவள் வீட்டுக்காரர், மாமா, தோல் பதனிடுகிற ஷாப்பில் பகல் ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தார், அவருக்கு யார் சமைப்பார்கள் என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு சமைக்கிறவள் பேசுகிற பேச்சா அது என்று நான் கத்தினேன். சிரித்தாள்.

அவள் தெரு ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில், மலைப்பக்கம் போகிற மின்கம்பியின் கடைசியில் இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் பிறகு கம்பம் கிடையாது.

போன வருஷம் அந்தப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு வேலை வந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில் புதிதாக ஒரு பிரிவு கட்டியிருந்தார்கள். பெரிய பெரிய மோட்டார்கள். அக்கா தெருவுக்குக் கரண்ட் போகிற அதே துணை மின்நிலையத்திலிருந்து அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மற்றவர்களுக்கு வோல்டேஜ் குறையுமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக நாங்கள் தெரு வரைக்கும் வரைய மாட்டோம், பெரிய கம்பியோடு நிறுத்திக்கொள்வோம். இந்த முறை நான் கடைசித் தெரு வரைக்கும், கடைசிக் கம்பம் வரைக்கும் வரைந்தேன். அந்தக் கடைசிப் புள்ளிக்கு எண் கொடுப்பதற்குப் பதிலாக 'அக்கா' என்றே பெயர் வைத்தேன். அன்றைக்கே அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"என் வீட்டையுமா போட்ட?" என்று கேட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் சொல்லிவிட்டிருக்கிறாள், என் தங்கச்சி நம்ம தெருவை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கா என்று.

மின்நிலையத்திலிருந்து ஒரு மாதத்து ஏட்டுப் பக்கங்களை நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அங்கே மணிக்கு மணி எழுதுவார்கள். எவ்வளவு லோடு, எவ்வளவு வோல்டேஜ், டேப் எந்தப் படியில் நிற்கிறது என்று. எனக்கு வேண்டியது லோடு. அந்தக் கட்டத்தை மட்டும் வரிசையாக எடுத்து உள்ளே போட்டேன். டேப் கட்டத்தில் ஐந்து, ஐந்து, ஐந்து என்று மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே எண்தான். கண்ணில் பட்டது. ஐந்தாவது படிதான் ஏற்றமும் இறக்கமும் இல்லாத, சாதாரண இடம். மாற்ற வேண்டிய தேவை வரவில்லைபோல என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். வோல்டேஜ் கட்டத்தில் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதையும் பார்த்தேன்.

இதை வேலை தெரியாதவர்களுக்குக்கூட ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒழுங்காக வேலை செய்கிற டிரான்ஸ்ஃபார்மரில் டேப் எண் ஆடும், வோல்டேஜ் ஆடாது. அந்த ஏட்டில் வோல்டேஜ் ஆடியது, டேப் ஆடவில்லை. அதாவது டேப் செத்துக் கிடக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாராவது இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்.

பட்டனைத் தட்டினேன். மென்பொருள் புது மோட்டார்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, டேப்பை ஐந்திலிருந்து பதினைந்துக்கு ஏற்றி, அக்கா என்கிற புள்ளியில் இருநூற்று இருபத்தெட்டு வோல்ட் என்று காட்டியது. அருமையான வோல்டேஜ். என் கம்ப்யூட்டரில் டேப் பத்துப் படி ஏறியது. மேசையில் கிடந்த ஏட்டில் அது ஒரு மாதமாக ஒரு படிகூட அசையவில்லை. இரண்டும் ஒரே மேசையில், ஒரு முழம் இடைவெளியில் இருந்தன. நான் டீ குடித்துக்கொண்டே அறிக்கை எழுதினேன். புது லோடு கொடுக்கலாம், கடைசித் தெருவிலும் பாதிப்பு இருக்காது என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அக்கா என்ற பெயரை எடுத்துவிட்டு எண் போட்டேன்.

பங்குனியில் அந்தத் தொழிற்சாலையின் புதுப் பிரிவுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். வெயிலும் கூடவே வந்துவிட்டது.

அக்காவின் முதல் போன் ஒரு மத்தியானம் வந்தது. எனக்கு வேறு ஒரு வேலைக்குக் கெடு நெருக்கிக்கொண்டிருந்தது. "பாப்பா, மிஷின் கீ கீன்னு கத்துது. கரண்ட் கம்மியா வருதோ இன்னாவோ" என்றாள். நாற்பத்து நாலு வயதிலும் அவளுக்கு நான் பாப்பாதான். மிஷின் ஃபில்டரைக் கழுவச் சொன்னேன். கழுவினாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே. அப்போது நான் எரிச்சலோடு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

"கரண்ட்லாம் கரெக்டாதான்க்கா வருது. உங்க தெருவுக்கு எவ்ளோ வரும்னு நான்தானே கணக்கு போட்டேன். உன் வீட்டு வயரிங்தான் பழசு, அதைப் பாரு முதல்ல."

அவள் சரி என்றாள். எப்போதும் என்னிடம் சரி என்றுதான் சொல்வாள்.

எலக்ட்ரீஷியனை அனுப்பினேன். ஸ்விட்ச் போர்டை மாற்றினார். பிறகு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி அனுப்பினேன். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அதற்கும் படிகள் உண்டு, வோல்டேஜ் இறங்கினால் டக் என்று ஒரு படி ஏற்றும். ஏற்ற முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் மிஷின் கெட்டுப்போகாமல் இருக்க மொத்தமாக நிறுத்திவிடும். அக்கா போனில் சொன்னாள், நாள் பூரா டக்கு டக்குன்னு அடிச்சிக்கிட்டே இருக்குது, சில நேரம் மிஷினே நின்னு போவுது என்று. அந்தச் சத்தத்தின் அர்த்தம் உலகத்தில் யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. வாங்கிக் கொடுத்ததற்கெல்லாம் குறை சொல்கிறாள் என்று. ஸ்டெபிலைசர் டூப்ளிகேட்டாக இருக்கும், மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நான் கேட்டால், பரவால்ல பாப்பா, ஓடுது என்பாள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நானும் இருந்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, அவளுக்குப் பிடிக்குமே என்று சப்போட்டா வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மணி இரண்டு இருக்கும். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. உள்ளே போனால் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணலாம்போல அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள் இரண்டும் மேலே ஏறி இறங்க. மிஷின் நின்றிருந்தது. மூக்கில் குழாய் மட்டும் மாட்டியபடி இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் காரியமாகக் குழாயைச் சரிசெய்து, மிஷின் ஓடுகிற மாதிரிக் காட்டப் பார்த்தாள்.

சிலிண்டரைத் திறந்து மாட்டினேன். திருகாணி சட்டென்று பிடிபடவில்லை. அவள் மூச்சு கொஞ்சம் சீரான பிறகு, பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து சுவர் பிளக்கில் வைத்தேன். நூற்று எண்பத்து மூன்று. மறுபடியும் எடுத்து வைத்தேன். நூற்று எண்பத்து மூன்றுதான். தினமும் பகல்ல இப்படியா என்று கேட்டேன். பன்னெண்டு மணிக்கு மேல இப்படித்தான், சாயந்தரம் சரியாய்டும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. சொன்னாளே.

பக்கத்து வீட்டு அம்மாவை அக்காவோடு இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்து மின்நிலையத்துக்குப் போனேன். பணியில் இருந்தவர் நடுத்தர வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். அறிக்கை எழுதியது நான் என்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டார். டேப் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"டேப்பா மேடம்? அது மேனுவல்ல போட்டு எத்தினியோ வருஷம் ஆவுது. மோட்டார் ஜாம் ஆயிடுச்சி. கையால சுத்தலாம்னு போய் ஒருவாட்டி நடுவுல மாட்டிக்கிச்சி, அத்தோட யாரும் அதைத் தொடறதில்ல."

அழைத்துப்போய்க் காட்டினார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துப் பெட்டியின் கதவில் ஒரு சிவப்பு அட்டை கம்பியில் கட்டித் தொங்கியது. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. இயக்காதே என்ற எழுத்து அரைகுறையாகத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முள் ஐந்தில் நின்றது. அப்படியானால் மணிக்கு மணி ஏட்டில் ஏன் எழுதுகிறீர்கள் என்றேன். கட்டம் இருக்குதே மேடம், காலியா விடக்கூடாதில்ல என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஐந்தில் நின்றது, ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள். படித்தவள் நான்தான்.

அன்றைக்கே அக்காவை வேலூருக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போய் பழைய ஃபைலைத் திறந்தேன். அந்தக் கட்டத்திலிருந்து டிக்கை எடுத்தேன். டேப்பை ஐந்தில் பூட்டினேன். பட்டனைத் தட்டினேன். கடைசிப் புள்ளியில் நூற்றுத் தொண்ணூற்று ஒன்று வந்தது. நான் மீட்டரில் பார்த்ததற்கும் இதற்கும் எட்டு வோல்ட்தான் வித்தியாசம். மிஞ்சிப்போனால் அந்த எட்டு வோல்ட்தான் அவள் வீட்டு வயரிங். அதைச் சொல்லித்தான் அவளை இரண்டு மாதம் வாயடைத்து வைத்திருந்தேன். இத்தனைக்கும் ஆன நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். நம்ம தப்புன்னு எழுதியே ஆவணுமாம்மா, டிரான்ஸ்ஃபார்மர்ல கோளாறுன்னு மட்டும் எழுதுனா போதாதா என்றார். என் தப்பு என்று எழுதுங்கள் சார் என்றேன். எழுதினோம். தவறான அனுமானத்தில் கணக்கிடப்பட்டது, டேப் பழுது நீக்கப்படும் வரை புதிய லோடைக் குறைக்க வேண்டும் என்று திருத்திய அறிக்கையை அனுப்பினோம். அது மேசை மேசையாகப் போக ஆரம்பித்தது. அலுவலகத்தில் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்ட நான், ஆஸ்பத்திரியில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா பதினோரு நாள் அங்கே இருந்தாள். பாகாயத்திலிருந்து தினமும் போவேன். முகமூடி போட்டிருந்ததால் அதிகம் பேச முடியாது. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு, முகமூடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, தெருவில் கரண்ட் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். டிரான்ஸ்ஃபார்மர்ல ரிப்பேர்க்கா, சரி பண்ணிடுவாங்க என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப உன் கணக்குல தப்பு ஒண்ணும் இல்லயே?"

"இல்லக்கா" என்றேன்.

அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டாள். நான் முகமூடியைச் சரியாக இழுத்து மாட்டினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், தேறட்டும், வீட்டுக்கு வந்த பிறகு நானே உட்காரவைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து காபி குடித்தேன். அவ்வளவு உடம்பு முடியாமல் படுத்திருக்கிறவள் ஏன் என் கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள். நுரையீரல் அந்த அளவுக்குக் கெட்டிருந்தது, எப்படியும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். ரொம்ப நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க வாய் வரை வந்தது. ஒரு மழைக்காலமா, ஒரு பொங்கலா, எவ்வளவு? கேட்கவில்லை. எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு நான் என்ன கிழித்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் அவள் வீட்டிலேயே நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, மத்தியானம், மாமா ஒரு மூலையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஆக்சிஜன் மிஷினைக் கொடுத்தவர்கள் முந்தின நாளே வந்து எடுத்துப்போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு தடம் இருந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து கூட உட்கார்ந்தார். இஸ்லாமியர், வீட்டிலேயே மோட்டார் தையல் மிஷின் வைத்து ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறவர். வோல்டேஜ் இறங்கினால் அவர் மிஷினும் ஓடாது. மூன்று மாதமாக ஒரே பேஜார், வேலை பாதிதான் நடந்தது என்றார். நேற்றிலிருந்து கரண்ட் நன்றாக வருகிறது, டிரான்ஸ்ஃபார்மரை ஆள் வந்து சரிசெய்துவிட்டார்களாம் என்றார். தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம் என்று சொல்லிவிட்டு, சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஆனி பிறந்த பிறகு என்றார். ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று, வெயில் ஆரம்பத்திலேயே கொடுத்திருக்கலாமே என்றேன். என் குரலில் அந்தப் பழைய அதட்டல் இருந்தது. அவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, மாமா தூங்குகிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சித்திரைலயே எழுதிட்டேம்மா. உங்க அக்கா மட்டும் கையெழுத்து போடல. என் தங்கச்சி கணக்கு பண்ணிதான் குடுத்துருக்கா, கரண்ட் சரியாதான் வருது, அவளுக்கு எதிரா நான் எப்படி போடுவேன்னுட்டாங்க. மிஷின் வெச்சிருக்கிற அவங்களே சரின்னும்போது இந்தப் பக்கத்து நாலு வீடும் போடல. அவங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனப்புறம்தான் குடுத்தோம்."

கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். மூச்சு விட முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நின்றுபோன மிஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்து கேட்கிறவர்களிடமெல்லாம் கரண்ட் சரியாக வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது என் கணக்கைப் பற்றி அல்ல. தான் கையெழுத்துப் போடாதது சரிதானா என்று கேட்டிருக்கிறாள். சரிதான் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்த அம்மாவிடம் மனுவின் நகல் இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டேன், எடுத்துவந்தார். வீட்டு எண், பெயர், கையெழுத்து என்று கோடு போட்டு மூன்று வரிசை. பெயர்களையெல்லாம் அந்த அம்மாவே அழகாக எழுதியிருந்தார். கடைசி வீடு அக்காவுடையது. எண் இருந்தது, அவள் பெயர் இருந்தது, அதற்கு நேரே வெள்ளையாக இருந்தது.

கணக்கு தப்பு என்று அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். என் கணக்கு தப்புங்க, அக்கா போட்டிருக்கணும் என்றேன். அந்த அம்மா நகர்ந்து பக்கத்தில் வந்தார். என் முதுகில் கையை வைத்தார். அழுதேன். மாமா எழுந்து உட்கார்ந்து என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றோம்.

கிளம்புவதற்கு முன்னால் பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். மிஷின் மாட்டியிருந்த அதே பிளக்கில் வைத்தேன். மணி இரண்டரை. தெருவில் எல்லா வீட்டிலும் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்ற, அந்தக் காற்றில் மாலை போட்டிருந்த அக்காவின் போட்டோ சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. எவ்ளோ காட்டுதும்மா என்று அந்த அம்மா கேட்டார்.

இருநூற்று இருபத்தெட்டு காட்டியது. அறிக்கையில் நான் எழுதிக் கொடுத்த அதே எண்.